ஊசி வாங்காத வாடிக்கையாளர்

விற்பனையின் சூட்சுமம் என்ன என்று கேட்டுக்கொண்டு யாரும் என்னிடம் வரவேண்டாம். அது எனக்குத் தெரிந்திருந்தால் எப்போதோ சொந்தக் கடை போட்டிருப்பேன். இந்தக் கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்க மாட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். உடனே சரி என்றேன். ஓய்வு பெற்றவனிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான். அவனிடம் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நீங்கள் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் டி.வி.யும் கேசட்டும் விற்கிறீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். அப்போது நம் கம்பெனிக்குச் சென்னையில் தலைமைக் கடையும் வெளியூர்களில் சில கிளைகளும் இருந்தன. முக்கியமாக விற்றது மூன்றே சரக்கு: கிராமபோன் பெட்டி, ரேடியோ, இசைத்தட்டு. இசைத்தட்டு என்பது விளம்பரத்தில் எழுதுகிற வார்த்தை. வாங்குகிறவர்கள் பிளேட்டு என்றுதான் சொல்வார்கள்.

கிளைகளிலேயே ஆகச் சின்னது செங்கல்பட்டு. அதற்கு என்னை மேனேஜராகப் போட்டார்கள். மேனேஜர் என்று கேட்டதும் திருநெல்வேலிப் பக்கத்தில் என் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இங்கே வந்து பார்த்தால் கடையில் என்னைத் தவிர இருந்தது ஒரே ஒருவர், மெக்கானிக் தேவசகாயம். உள்ளூர்க்காரர், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு, இரண்டு குழந்தைகள். ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டால் சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோகும் மனிதர். மாலை ஆனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். போகவேண்டியதுதானே, அவருக்கு வீடு இருந்தது.

கிளைக்கடைகளை எப்படி நடத்துவது என்று இப்போது உங்களுக்கு வகுப்பெல்லாம் எடுக்கிறார்களாம். எங்களுக்கு வகுப்பு கிடையாது, மரப்பெட்டிதான். மாதம் ஒருமுறை வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் புதுப் பிளேட்டுகள் ரயிலில் வரும். எந்த ஊருக்கு எது என்பதைச் சென்னையில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு தீர்மானிப்பார். அவர் செங்கல்பட்டைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் நாடகப் பிளேட்டுக்கு அடிதடி. அவர் கச்சேரிப் பிளேட்டாக அனுப்புவார். காஞ்சிபுரத்தில் கச்சேரி கேட்பார்கள். அங்கே நாடகத்தை அனுப்புவார். காஞ்சிபுரம் மேனேஜரும் நானும் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து இரண்டையும் கமுக்கமாக மாற்றிக்கொள்வோம். கம்பெனி விதிப்படி அது குற்றம். இரண்டு கிளையும் பிழைத்துக் கிடந்தது அந்தக் குற்றத்தால்தான்.

சாயங்காலம் கடை வாசலில் கட்டியிருந்த கொம்பு ஸ்பீக்கரில் பாட்டு வைக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. வைப்பேன். கோர்ட்டிலிருந்து திரும்புகிற குமாஸ்தாக்கள், ரயிலுக்குப் போகிறவர்கள், கொளவாய் ஏரிக் காற்று வாங்கிவிட்டு வருகிறவர்கள், எல்லாரும் தெருவில் நின்று கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஊரே என் கடைப் பாட்டைக் கேட்டது. என்னோடு நாலு வார்த்தை பேசத்தான் ஒருவரும் இல்லை. பேச்சும் ஒத்துவரவில்லை. நான் வாயைத் திறந்தாலே, "இன்னா சார், பாட்டு பாடற மாதிரி பேசறே?" என்று சிரிப்பார்கள். மெஸ்ஸில் சாப்பாடு, அரிசி மண்டி மாடியில் ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமையானால் துணி துவைப்பது. கல்யாணம் ஆகாத வயசு. சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து இரவு வரை என் குரலை நானே கேட்டதில்லை. கொடுமை என்றால் அதுதான்.

இந்த நிலையில் வந்தவர்தான் ஏழுமலை மேஸ்திரி. மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரச் சவுக்குத் தோப்பு ஒன்றுக்கு அவர் மேஸ்திரி. தோப்பின் சொந்தக்காரர் செங்கல்பட்டில் வக்கீல். சனிக்கிழமைதோறும் மேஸ்திரி திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து வந்து, வக்கீல் வீட்டுக் கொல்லைப்பக்கம் நின்று தோப்பு விவரம் சொல்லிவிட்டு, வெட்டுக்கூலி வாங்கிக்கொண்டு திரும்புவார். ஐம்பதை நெருங்கிய வயசு. தலையில் முண்டாசு, காலில் எப்போதும் மணல். மனைவி இறந்து வெகு காலம், குழந்தை கிடையாது.

முதல் நாள் அவர் கடை வாசல்படிக்குக் கீழேயே நின்றார். நான் உள்ளே வரச் சொன்னேன். வந்து, ஒரு பிளேட்டு கேட்க முடியுமா என்றார். கேட்பதற்கென்று கடைக்குள் மரத்தடுப்பு வைத்து ஒரு சின்ன அறை உண்டு; பூத் என்போம். உள்ளே ஒரு பெட்டி, ஒரு நாற்காலி. கேட்க வருகிறவர் யாராக இருந்தாலும் நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. பிளேட்டில் கை பட்டுக் கீறல் விழாமல் இருக்கக் கடை ஆள் ஒருவர் கூடவே நிற்கவேண்டும் என்பதும் விதி. நான் உட்காரச் சொன்னேன். மேஸ்திரி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பித் தெருவைப் பார்த்தார். ஊர் அப்படி, காலம் அப்படி. வக்கீல் வீட்டில் அவருக்குக் கொல்லைப்பக்கம்தான் என்று சொன்னேனே. நான் பூத் கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டால், "நீயே ஒன்னு எடு சார்" என்பார். நான் வைப்பேன். ஊசியை இறக்கியதும் பேச ஆரம்பிப்பார். பாட்டு அதுபாட்டுக்கு ஒரு பக்கம் ஓடும். இவர் தோப்பில் நரி வந்ததைச் சொல்வார், ஆடிக் காற்றில் மணல் வந்து குடிசையை மூடியதைச் சொல்வார், மீன்பிடிக்கிற குப்பத்தாரோடு விறகுக்காக வந்த சண்டையைச் சொல்வார். பாட்டு முடிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, "அந்தப் பக்கமும் போடு சார்" என்பார். பிளேட்டைத் திருப்பிப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கொஞ்ச நாளில் நானும் பேச ஆரம்பித்தேன். எங்கள் ஊர் ஆற்றைப் பற்றி, அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருவதைப் பற்றி. அவர் என் பேச்சைக் கேட்டுச் சிரித்ததே இல்லை.

வாராவாரம் கேட்பார், மாதம் ஒன்று வாங்குவார். துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் எனக்கு வேலை ஓடாது. வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இதைச் சொல்ல வெட்கமில்லை. அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதம் அதுதான்.

இனி இன்ஸ்பெக்டருக்கு வருகிறேன். கிளைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒருவர் சென்னையிலிருந்து வருவார். கறுப்புக் கோட்டு, மூக்குப்பொடி, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. அவரை என் குரு என்று யாராவது சொன்னால் அவரே அடிக்க வருவார். ஆனால் கடை என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர் கண்தான். அந்த வருஷம் அவர் ஒரு செய்தியோடு வந்தார். தீபாவளிக்குள் ஒவ்வொரு கிளையும் தனக்குப் போட்ட அளவு கிராமபோன் பெட்டிகளை விற்றாக வேண்டும். விற்காத கிளையை மூடிப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவார்கள். எங்களைக் காஞ்சிபுரத்தோடு. எனக்கு வேறு ஊர் போட்டுக் கொடுப்பார்கள். மெக்கானிக் காஞ்சிபுரத்தில் ஏற்கனவே இருக்கிறார்; தேவசகாயத்துக்கு வீட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள்.

தேவசகாயமும் நானும் முட்டி மோதினோம். அப்போது நம் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. வாங்குவாரா மாட்டாரா என்று சந்தேகமான ஆசாமி வீட்டில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிடுவோம். ஒரு வாரம் பாடட்டும், பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்போம். திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு வாரம் பாடிய பெட்டியைக் கொடுக்க எந்த வீட்டுப் பிள்ளைகளும் விடமாட்டார்கள். அப்படி வைத்தே ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டோம். கடைசியில் ஒரே ஒரு பெட்டி நின்றது. எங்கே போனாலும் கதவைச் சாத்தினார்கள். தீபாவளியோ பக்கத்தில் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தது ஒரு சனிக்கிழமை. மேஸ்திரி வழக்கம்போல் பூத்தில் பேசி முடித்து, ஒரு பிளேட்டை வாங்கிக்கொண்டார். ஓரமாக உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர், ஊசி வேண்டாமா என்று அவரைக் கேட்டார். வேணாங்க என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

உங்களில் பலர் கிராமபோன் ஊசியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரும்பு ஊசி. ஒன்றிரண்டு பாட்டுக்குள் முனை மழுங்கிவிடும். மாற்றாவிட்டால் பிளேட்டையே அரித்துவிடும். பெட்டி வைத்திருக்கிறவர் எவரும் பிளேட்டு வாங்க மறந்தாலும் ஊசி டப்பா வாங்க மறக்கமாட்டார்.

"இந்த ஆள் உன்கிட்ட இதுவரைக்கும் ஊசி வாங்கியிருக்கானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு டப்பாகூட வாங்கியதில்லை.

"அப்போ பிளேட்டை எதை வெச்சுப் பாடறான், நகத்தை வெச்சா?" மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டார். "அவன்கிட்ட பெட்டி கிடையாது. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலையறே."

இத்தனை மாதம் அந்த மனிதரோடு பேசியிருக்கிறேன். அவர் வீட்டில் பெட்டி இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. பெட்டி இல்லாதவர் எதற்குப் பிளேட்டு வாங்குகிறார் என்பதும் புரியவில்லை. புரியாவிட்டாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெட்டி கைக்கு வந்துவிட்டால் பூத்துக்கு வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பார்க்கிறேன் சார் என்று மழுப்பினேன்.

இன்ஸ்பெக்டர் போனபின் தேவசகாயம் என் முன்னால் வந்து நின்றார். திருப்புளியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். அவர் மனைவிக்கு மூன்றாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"சார், உங்களுக்கு இன்னோர் ஊரு குடுப்பாங்க. எனக்கு இன்னோர் கம்பெனி யாரு சார் குடுப்பாங்க?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெட்டியையும் ஒரு கட்டு ஊசி டப்பாவையும் தூக்கிக்கொண்டு மகாபலிபுரம் பஸ் ஏறினேன். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் வழி முழுக்க வைத்துக்கொண்டு போனேன். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் கண்டக்டர், இன்னா சார் அதுக்குள்ள, முட்டையா என்று கேட்டுக் கேட்டு மானத்தை வாங்கினான்.

கடற்கரை மணலில் நடந்து தோப்புக்குள் போனேன். சவுக்குத் தோப்பில் காற்று ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். பழகாதவனுக்குக் கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். தோப்பு நடுவில் ஒற்றைக் குடிசை. மேஸ்திரி என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். முண்டாசை அவிழ்த்துத் தரையைத் தட்டிவிட்டார், உட்காரச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார், பாயைத் தேடினார். அவர் குடிசைக்கு இதுவரை யாரும் அவரைப் பார்ப்பதற்கென்று வந்ததில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

பிளேட்டுகளைக் காட்டச் சொன்னேன். தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே.

ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பிளேட்டை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"சும்மா கேட்டுட்டு போனா நல்லா இருக்குமா சார்? நீ நாற்காலி போடறே. கதவ சாத்திகினு கூடவே நிக்கிறே. நான் பேசறத்த கேக்கறே. வக்கீலையா வூட்ல நான் வாசப்பக்கம்கூட போனது கெடையாது. அதான் மாசம் ஒன்னு வாங்கிகினு போறேன்."

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். ஒரு பக்கம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடலாம். சனிக்கிழமை எனக்கு மிஞ்சும், அவருக்கும் மிஞ்சும். கடை மூடிவிட்டால் எனக்கு எந்தச் சனிக்கிழமை? அதுவும் போகும், தேவசகாயத்தின் பிழைப்பும் போகும். இன்னொரு பக்கம், வீட்டில் வைத்துவிட்டு வருகிற பழைய வித்தையைச் செய்யலாம். மேஸ்திரி, ஒரு வாரம் பாடட்டும், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று சிரித்துச் சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

உள்ளது உள்ளபடி சொன்னேன். இந்த ஒரு பெட்டி விற்றால் கடை நிற்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள், தேவசகாயத்துக்கு வேலை போய்விடும். உங்களுக்கு இது தேவை என்று நான் சொல்லமாட்டேன், தேவை எங்களுக்குத்தான் என்றேன். வாடிக்கையாளரிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தால் அங்கேயே சீட்டைக் கிழித்திருப்பார்.

மேஸ்திரி பெட்டியைத் திறந்து பார்த்தார். சாவியைச் சுற்றிப் பார்த்தார். அவர் ஒரு பிளேட்டை எடுத்துக் கொடுக்க, நான் வைத்தேன். அவர் குடிசையில் அது முதல் பாட்டு. வழக்கம்போல் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் பேசவில்லை. கடைசிவரை கேட்டார். பாட்டுக்காக அவர் பாட்டுக் கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வெச்சிட்டுப் போ சார்," என்றார். "எனக்கு யார் கீறாங்க செலவு பண்ண. கட நிக்கட்டும்."

அப்புறம், இனிமே அங்க வர வேலை இல்லியே என்று அவரே சொல்லிச் சிரித்தார். எப்போது வேண்டுமானாலும் வரலாம், புதுப் பிளேட்டு வந்தால் கேட்கலாம் என்று நான் அவசரமாகச் சொன்னேன். ஆமாமா என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கடை நின்றது. தீபாவளி முடிந்த கையோடு தேவசகாயத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் எனக்குக் கொடுத்த மிட்டாயை மூன்று நாள் வைத்திருந்து தின்றேன். தலைமைக் கடையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேஸ்திரி ஒரு சனிக்கிழமை வந்தார். கடையில் கூட்டம். சீக்கிரம் போகணும் சார், பஸ்ஸு போயிடும் என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. முன்பு கடைசிப் பஸ்ஸுக்குப் போனவர் இப்போது வக்கீல் வீட்டிலிருந்து நேராகப் போய் முந்தின பஸ்ஸையே பிடித்துவிடுகிறார் என்று தேவசகாயம் சொன்னார். பூத் நாற்காலியில் யாருமில்லாதபோது நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பிளேட்டைக்கூட வைத்தேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை.

அவருக்கு உடம்பு சரியில்லையோ, தனியாகக் கிடக்கிறாரோ என்றெல்லாம் நினைத்து என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி பஸ் ஏறினேன். மல்லிகைப்பூ விற்கிற கூடைக்காரி பக்கத்தில் இடம் கிடைத்தது. கையில் ஒன்றும் இல்லை. வெறும் ஆள்.

தோப்புக்குள் நுழையும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. சூரியன் இறங்குகிற நேரம். குடிசை வாசலில் கூட்டம். விறகு பொறுக்குகிற பெண்கள் கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். விறகுக்காக அவரோடு சண்டை போட்டார்களே, அந்தக் குப்பத்தாரும் இருந்தார்கள். தோப்பு வெட்டுகிறவர்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள், எல்லாரும். நடுவில் ஏழுமலை மேஸ்திரி, தலையில் சலவை முண்டாசு, பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்து எது என்று ஆளாளுக்குக் கேட்க, இவர் அதட்டினார். அதட்டும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். கடைக்கார சார் வந்துகீறாரு, வழி விடு என்று எல்லாரையும் ஒதுக்கினார். பாய் போட்டார். ஒரு பெண் எழுந்து போய் இளநீர் சீவிக்கொண்டு வந்தாள். எனக்கு அத்தனை மரியாதை. அப்புறம் அவர் குனிந்து, உண்மையான கவலையோடு கேட்டார்.

"இன்னா சார், மிசினு செக் பண்ண வந்தியா? நல்லா ஓடுது சார், ஒன்னும் பேஜாரு இல்ல."

உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார், அது எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை வரவில்லை. அவரைத் தேடிவந்தவர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். தேடி வர ஆளில்லாதவன் நான் ஒருவன்தான் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

ஆமாம் மேஸ்திரி, விற்ற பெட்டியை ஒரு மாதம் கழித்து வந்து பார்க்கவேண்டும், கம்பெனி விதி என்றேன்.

அப்படி ஒரு விதி கிடையாது. ஆனாலும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டேன். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். சுழலும் தட்டைக் கழற்றினேன், துடைத்தேன், ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தேன், எண்ணெய் கேட்டு வாங்கிச் சும்மா ஒரு சொட்டு விட்டேன். பழுதே இல்லாத பெட்டியை எவ்வளவு நேரம்தான் ரிப்பேர் பார்ப்பது? முடிந்த மட்டும் இழுத்தேன். பிறகு மூடினேன். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், எங்க குப்பத்துக்கு ஒரு பெட்டி வாங்கினா இப்படி வந்து பார்ப்பீங்களா என்று கேட்டார். கட்டாயம் வருவேன் என்றேன். நான் எந்த வாடிக்கையாளருக்கும் கொடுத்த வாக்குகளில் அதைவிட உண்மையானது கிடையாது.

மேஸ்திரி என்னைப் பஸ் வரைக்கும் கொண்டுவிடக் கிளம்பினார். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து, மேஸ்திரி, அடுத்த பிளேட்டு என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். போங்கள், எனக்கு வழி தெரியும் என்றேன். போய்விட்டார். மணலில் தனியாக நடக்கும்போது எனக்கு அழுகை வந்தது. ஒரு மனிதர் இத்தனை பேரோடு சந்தோஷமாக இருக்கிறார். அதற்குக் காரணம் நான் கொண்டுபோன பெட்டி. இதற்கு எவனாவது அழுவானா? அழுதேன்.

குப்பத்தார் மறு மாதம் வந்து பெட்டி வாங்கினார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு மூக்கில் வியர்த்தது. வாங்க வந்தவர்கள் சொல்லி விஷயம் தெரிந்துகொண்டு, விற்ற பெட்டியைப் பார்க்க எதற்குப் போனாய் என்று கேட்டார். ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன் என்று அவரிடமும் ஒரு காரணம் சொன்னேன். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமையா போனே?" என்று மட்டும் கேட்டார். அவரும் தனிக்கட்டை என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். சென்னைக்குப் போய் என்ன சொன்னாரோ, அடுத்த மாதம் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை வந்தது: பெட்டி விற்ற ஒரு மாதத்துக்குள் கிளை மேனேஜர் வாடிக்கையாளர் வீட்டுக்கு நேரில் சென்று பார்க்கவேண்டும்.

நீங்கள் இப்போது டி.வி. விற்றுவிட்டுப் போகிறீர்களே ஒரு மாத விசிட், அது இதுதான். வாடிக்கையாளர் திருப்தி, மறுவிற்பனை வாய்ப்பு என்று அதற்குக் கையேட்டில் ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன். எழுதினவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

மாற்றலாகிப் போகும்வரை மேஸ்திரியை நான்கைந்து முறை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, அந்தப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினேன். சும்மா பார்க்க வந்தேன் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

நீங்கள் அந்த விசிட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே போகிறீர்கள், வாசலில் நின்றபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே கூப்பிட்டால் போங்கள். காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். வாடிக்கையாளருக்காகச் சொல்லவில்லை.